விழாமல் நின்ற தங்க ரேக்கு

பட்டு எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும். நெசவுத் தெருவில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அற்புதமேரி டீச்சர், விரல் நீள மஞ்சள் பட்டுக் கயிறு ஒன்றை இடுக்கியில் பிடித்துக்கொண்டு தீக்குச்சியைக் காட்டினார். ஆய்வுக்கூடம் என்று சொன்னேன். ஓரமாக அடுக்கியிருந்த உடைந்த பெஞ்சுகளை எடுத்துவிட்டால் அது வெறும் அறைதான். கயிறு சுருண்டது, கொப்பளித்தது, கறுத்து உதிர்ந்தது. மேசையெல்லாம் கரிப்பொடி.

நானும் குனிந்து பார்த்தேன். கயிறு போய்விட்டது. ஆனால் கயிறு இருந்த இடத்தில் ஏதோ ஒன்று இன்னும் நின்றுகொண்டிருந்தது. முடியைவிட மெல்லியதாக, சுருள் சுருளாக, ஜன்னல் வெளிச்சத்தில் மினுக்கிக்கொண்டு.

"சார், இத்தப் பாருங்க," என்றார் டீச்சர். "நம்மள இவ்ளோ நாளா பேஜார் பண்ணிக்கினு இருந்தது இதுதான்."

தேதி இல்லாத வாரம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் பழகியிருக்கும். சென்ற வாரம் தாலுகா ஆபீஸ் கடிகாரத்தைப் பற்றி எழுதினேன். மாதம் சரி, வருஷம் தப்பு என்று வாசகர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டு திருத்திவிட்டேன்.

இந்த வாரமோ என்னிடம் தேதியே இல்லை. பள்ளி எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்குத் தேதி போடாமல் எழுதுவது, சட்டைப் பொத்தான் போடாமல் கடைத்தெருவுக்குப் போவது போல இருக்கிறது.

தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். பிளஸ் டூ வந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் இன்னும் செங்கல்பட்டு மாவட்டம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து முடிவு வராத நாட்கள். ஏரி உள்வாங்கி மதகுப் பக்கம் மாடு மேய்ந்தது. ஆகவே பங்குனிக் கடைசி, இல்லையென்றால் சித்திரை முதல். அந்த வறண்ட வெயில் இந்தக் கதைக்கு முக்கியம். அதுவே ஐப்பசியாக இருந்தால் நான் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

கல்வெட்டும் அலமாரியும்

உத்திரமேரூருக்கு எந்த அதிகாரி வந்தாலும் முதலில் குடவோலைக் கல்வெட்டைப் பார்ப்பார். வந்த வேலை அதற்குப் பிறகுதான். கல்வித் துறையிலிருந்து வந்தவரும் அப்படியே. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் சுவர்சுவராகப் படித்துவிட்டு, பிற்பகலில் பள்ளிக்கு வந்தார்.

எங்கள் அறிவியல் பிரிவுக்குத் தற்காலிக அனுமதிதான் இருந்தது. இவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்து அது நிரந்தரமாகும், அல்லது ஜூனில் மூடப்படும்.

அலமாரியைத் திறந்து பார்த்தார். இரண்டு காந்தச் சட்டங்கள், முனை பெயர்ந்த ஒரு முப்பட்டகம், ஊசி ஒட்டிக்கொண்ட ஒரு கால்வனாமீட்டர். பாடப் புத்தகத்தை எடுத்து ஒளிமின் விளைவு என்ற பாடத்தைப் பிரித்தார். அவரே இயற்பியல் படித்தவர். அதனால்தான் நேராக அந்தப் பக்கத்துக்குப் போனார்.

"இதை எப்படிம்மா நடத்துறீங்க?"

"போர்டுல படம் போட்டு சார்."

"நானும் காலேஜ்ல படமாத்தான் பார்த்தேன். ஆனா அங்க மத்த சாமானாவது இருந்தது. இங்க ஒண்ணும் இல்லையே. காஞ்சிபுரத்துல வசதி இருக்கு, பசங்க அங்க போகட்டும். நீங்க வரலாறும் வணிகமும் வெச்சுக்கங்க."

அவர் குரலில் ஏளனம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏளனம் செய்கிறவரோடு சண்டை போடலாம்.

"பசங்க போவாங்க சார்," என்றார் டீச்சர். "பொண்ணுங்க?"

அதிகாரி பாடப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"நீங்க அடுத்த வாட்டி வரும்போது காட்டுறேன் சார்."

"எதை?"

"நீங்க பிரிச்சி வெச்சிருக்கீங்களே, அதே பாடத்தை."

அவர் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தார். "அடுத்த வாரம் குடும்பத்தோட திருமுக்கூடல் கோயிலுக்கு வர்றேன். அப்படியே இங்க எட்டிப் பார்க்கிறேன். அதுவரைக்கும் ரிப்போர்ட் எழுதலை."

அற்புதமேரி டீச்சர் பெருநகர் கிராமத்தை அடுத்த காலனிக்காரர். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். அவரோடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்களில் காலேஜுக்குக் காஞ்சிபுரம் பஸ் ஏறியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவரைவிட நல்ல மார்க் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கிணற்றுக்கு எட்டாத கயிறு

அவர் செய்ய நினைத்த கருவி இதுதான். கண்ணாடி முகப்பு வைத்த ஒரு மரப்பெட்டி. பெட்டியின் மேல்பலகையில் ஒரு துளை. துளையின் நடுவே, மின்சாரம் கசியாதபடி மரத்தில் படாமல், ஒரு செப்புக் கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும். கம்பியின் மேல்முனையில் துத்தநாகத் தகடு. கீழே, பெட்டிக்குள், கம்பியை ஒட்டி ஒரு தங்க ரேக்கு, அதாவது தங்கத்தைத் தட்டி மெலிதாக்கிய இதழ். கம்பிக்கு மின்னூட்டம் கொடுத்தால் கம்பியும் ரேக்கும் ஒன்றையொன்று தள்ளும்; ரேக்கு விலகி எழும்பி நிற்கும். மின்னூட்டம் போனால் விழுந்துவிடும்.

ரேக்கு காஞ்சிபுரத்து மருந்துக் கடையில் கிடைத்தது. சித்த வைத்தியத்துக்கு விற்கிறார்கள். மூச்சு விட்டாலே பறக்கும் சாமான். துத்தநாகத்துக்குச் செலவே இல்லை. தீர்ந்துபோன டார்ச் பாட்டரியை உடைத்தால் அதன் கூடு துத்தநாகம். தட்டி நிமிர்த்தி உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கினார்.

கம்பியைத் துளையில் நிறுத்துவதுதான் சிக்கலாயிற்று. முதலில் மெழுகு ஊற்றினார். வெயிலுக்கு மெழுகு இளகிக் கம்பி சாய்ந்துவிட்டது. பட்டு மின்சாரத்தை விடாது என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. துளையின் நாலு பக்கமிருந்தும் பட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டி நடுவில் கம்பியை நிறுத்தலாம். பட்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா?

ஏகாம்பரம் தறிக்காரர். அவர் மகள் பூங்கோதை அந்த வருஷம்தான் பத்தாவது எழுதியிருந்தாள். அறிவியல் பிரிவு இங்கே இருந்தால் சேர்ப்பேன், பஸ் ஏற்றி அனுப்ப மாட்டேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். முறுக்கிய மஞ்சள் பட்டுக் கயிற்றை ஒரு வாழை இலையில் சுற்றி அவரே கொண்டுவந்தார்.

"டீச்சரம்மா, இத்த வெச்சி இன்னா பண்ணப் போறீங்கோ? எனக்குப் புரியற மாரி சொல்லுங்கோ."

"இந்தத் தகட்டுக்குள்ள எலெக்ட்ரான்னு ஒண்ணு கீதுண்ணே. கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பட்டா அது வெளிய வரும்."

"எந்த வெளிச்சம் பட்டாலுமா? பெட்ரோமாக்ஸ் எங்க வூட்லயே கீது, எடுத்தாரட்டா?"

"எடுத்தாங்க. ஆனா அதுக்கு வராது. பத்து பெட்ரோமாக்ஸ் வெச்சாலும் வராது."

"இம்மாம் வெளிச்சத்துக்கு வராதது வேற எதுக்கு வரும்?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு ஆழக் கெணறுண்ணே. ஊரே வந்து நிக்கிது, எல்லார் கையிலயும் குட்டைக் கயிறு. ஆளுக்கு ஒரு குடத்த வுட்டா தண்ணி வருமா?"

"எட்டாதே."

"எத்தினி பேர் வந்தாலும் எட்டாது. ஒரே ஒருத்தன் நீளக் கயிறோட வந்தா?"

"அவனுக்குத் தண்ணி."

"அவ்ளோதான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் குட்டைக் கயிறு. மக்னீசியம் நாடா எரிஞ்சா வருது பாருங்க, அதுல கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் கீது. புற ஊதான்னு பேரு. அது நீளக் கயிறு."

ஏகாம்பரம் விடவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைத்தே ஆயுசைக் கழித்த கை அவருடையது. "குட்டைக் கயிறு இருக்கறவனுங்கோ முடிச்சு போட்டுக்கினா? நீளமாய்டுமே?"

டீச்சர் மேசையைத் தட்டினார். "கேட்டீங்க பாருங்க! அங்கதான் கீது எல்லாமே. வெளிச்சத்துல முடிச்சுப் போட முடியாதுண்ணே. ஒரு எலெக்ட்ரான் ஒரு கயிறத்தான் புடிக்கும். அது எட்டினா எட்டினது. எட்டலன்னா, இல்ல."

நான் அதுவரை குவாண்டம் பற்றி இரண்டு மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். ஒளியின் ஆற்றல் பொட்டலம் பொட்டலமாக வருகிறது, பொட்டலத்தின் அளவை நிறம் தீர்மானிக்கிறது, சிவப்புக்குச் சிறியது, ஊதாவுக்குப் பெரியது என்று ஒப்பிக்கத் தெரியும். அந்தப் பொட்டலங்களைச் சேர்த்துக் கட்ட முடியாது என்பதுதான் விஷயமே என்று எனக்கு உறைத்தது ஏகாம்பரம் கேட்ட பிறகுதான்.

எழும்பும், விழும்

கருவி தயாராயிற்று. மின்னூட்டம் கொடுக்க முதலில் பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் வாரிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஊரில் எண்ணெய் வைக்காத தலை கிடையாது. ஹெச்.எம். தன் தலையைக் கொடுக்க முன்வந்தார். அதில் வாருவதற்குக் கொஞ்சம்தான் இருந்தது, அதிலும் எண்ணெய். கடைசியில் பம்புசெட்டுக்குப் போடும் பிவிசி குழாய்த் துண்டும் வாட்ச்மேன் கம்பளியும் வேலையை முடித்தன. கம்பளியில் தேய்த்த குழாயைத் தகட்டில் இழுத்ததும் ரேக்கு எழும்பியது. எதிர்மின்னூட்டம். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்; தகட்டிலுள்ள எலெக்ட்ரான்கள் வெளிச்சத்தில் வெளியேறினால் ரேக்கு விழ வேண்டும்.

எழும்பிய ரேக்கு, நாங்கள் கைதட்டுவதற்குள் விழுந்துவிட்டது.

மக்னீசியம் இல்லை, பெட்ரோமாக்ஸ் இல்லை, எதுவுமே காட்டவில்லை. தானாகவே விழுந்தது. வெளிச்சம் படும் முன்பே விழுகிற ரேக்கை வைத்து வெளிச்சத்தைப் பற்றி என்ன காட்டுவது?

டீச்சர் ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஈரம் இருந்தால் மின்னூட்டம் கசிந்துவிடும் என்று பெட்டியை வெயிலில் காய வைத்தார். தகட்டில் கைப்பிசுக்கு இருக்கும் என்று மறுபடி தேய்த்தார். ரேக்கை மாற்றினார். விழுந்தது, விழுந்தது, விழுந்தது. ஒருநாள் பெருநகர் பஸ்ஸை விட்டுவிட்டு என் வீட்டில் என் மனைவியோடு தங்கி, காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடினார்.

"இது ஒத்துவராது டீச்சர். ஆபீசர்கிட்ட வேற ஏதாவது காட்டலாம்," என்றார் ஹெச்.எம்.

"சார், மின்னூட்டம் எங்கயோ போவுது. எங்கியும் போவாம காணாம போவாது. போற வழி எதுன்னு பார்த்துட்டா முடிஞ்சிது."

சாயக்காரர் சொன்ன பதில்

நான் உதவியாக ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அது என் வழக்கம். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் சாயத்தொழில் செய்த ஒருவரைப் பற்றிப் படித்ததை அன்று சொன்னேன்.

அவர் நீளமான ஒரு சணல் கயிற்றின் வழியாக மின்சாரத்தை அனுப்பிப் பார்த்தார். கயிறு தரையில் படாமல் இருக்க அதைப் பட்டு நூலில் தொங்கவிட்டார். மின்சாரம் மறுமுனைக்குப் போனது. நூல் மெல்லியதாக இருப்பதால்தான் மின்சாரம் அதன் வழியே தப்பிக்கவில்லை என்று நினைத்தார். ஒருநாள் பட்டு அறுந்தது. அதே அளவு மெல்லிய பித்தளைக் கம்பியில் தொங்கவிட்டார். மின்சாரம் மறுமுனைக்குப் போகவே இல்லை. கம்பி வழியாக நழுவிவிட்டது. மெல்லிசு காரணமில்லை, பட்டுதான் காரணம் என்று அவருக்கு அப்போது தெரிந்தது.

சுவாரசியத்துக்காகச் சொன்னேன். டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

"பட்டு இருந்த எடத்துல கம்பி." பெட்டியின் மேல் இழுத்துக் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றையே பார்த்தார். "சார், இது பட்டுதானா?"

"ஏகாம்பரம் கொடுத்ததும்மா. பட்டு இல்லாமல் என்ன?"

"தீப்பெட்டி கீதா?"

அதற்கப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வெறும் நூல்

ஏகாம்பரம் தறிக்குழியிலிருந்து எழாமலே கேட்டார். "ஆமா, ஒரு இழை சரிகை சேத்து முறுக்கினேன். அதுக்கின்னா?"

மஞ்சள் பட்டுக்குள் பொன்னிறச் சரிகை ஒரே ஒரு இழை. கண்ணுக்குத் தெரியவில்லை. சரிகை என்பது முலாம் பூசிய வெள்ளிதானே. மின்சாரத்துக்கு அது ராஜபாட்டை.

"அதான் அண்ணே எல்லாத்தையும் இழுத்துக்கினு போவுது. சரிகை இல்லாம வெறும் பட்டுல ஒரு கயிறு குடுங்க."

அவர் ஊடை நூல் ஓட்டும் தறிநாடாவைக் கீழே வைத்தார். "வெறும் நூலா? எங்க வூட்ல வெறும் நூலு வெளிய போறது பொணத்துக்குத்தான். நல்ல காரியத்துக்கு ஒரு நூலு போனா அதுல ஒரு இழையாவது சரிகை இருக்கணும். எங்க அப்பாரு காலத்துல இருந்து அப்பிடித்தான். எம் பொண்ணு படிப்பு ஆரம்பிக்கிற எடத்துக்கு வெறும் நூலு குடுக்கச் சொல்றீங்களா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "படிப்பே இல்லன்னு ஆபீசர் சொல்ட்டா, அந்தச் சரிகைய இன்னா பண்ணுவ? கழுத்துல மாட்டிக்கினு திரியுவியா?"

"நீ சும்மா இரு."

ஏகாம்பரத்தின் முகம் இறுகிவிட்டது. இனி பேசினால் கெடும் என்று எனக்குத் தோன்றியது. டீச்சர் தறிக்குழி ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அண்ணே, சரிகை வேணான்னு நான் சொல்லல. எடம் மாத்தி வெக்கணும்னு சொல்றேன். அந்தப் பெட்டியில ரெண்டு வேலை கீது. ஒரு எடத்துல மின்சாரம் நிக்கணும், ஒரு எடத்துல ஓடணும். நிறுத்தறதுக்குப் பட்டு. தகட்டுல இருந்து கம்பிக்கு ஓடறதுக்குச் சரிகை. தனித்தனியா குடுங்க. ரெண்டும் ஒரே பெட்டியிலதான் இருக்கப் போவுது."

"சரிகை இல்லன்னா அது ஓடாதா?"

"எந்தக் கம்பி வெச்சாலும் ஓடும். பொய் சொல்லக்கூடாது. ஆனா நான் உங்க சரிகையத்தான் வெக்கப் போறேன்."

ஏகாம்பரம் தறிநாடாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே பார்த்துக் கத்தினார். "அந்த வெள்ளைப் பட்டு சிட்டத்த எடு. சரிகைக் கண்டும் எடுத்தா. ரெண்டையும் ஒரே எலையில வெச்சிக் குடு."

பட்டு நூல் கட்டும் சரிகைச் சுருளும் ஒரே இலையில் போனால் அது வெறும் நூல் இல்லை என்பது அவர் கண்ட தீர்ப்பு.

கடைசித் துண்டு

அதிகாரி சொன்னபடி வந்தார், நெற்றியில் கோயில் குங்குமத்தோடு. ஏகாம்பரம் பெட்ரோமாக்ஸோடு மூலையில் நின்றார். பெட்டியின் மேல் வெள்ளைப் பட்டு. தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சரிகைச் சுற்று.

வேதியியல் பாடத்துக்கு வாங்கிய மக்னீசியம் நாடாவில் ஒத்திகைக்கு எரித்தது போக இரண்டு துண்டுகள் மீதி. ஒன்று காட்டுவதற்கு. இன்னொன்று, முதலாவது தவறினால்.

டீச்சர் குழாயைக் கம்பளியில் தேய்த்துத் தகட்டில் இழுத்தார். ரேக்கு எழும்பியது. நின்றது. பெட்ரோமாக்ஸைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். அந்த அறையில் நிழலே இல்லாத அளவு வெளிச்சம். ரேக்கு அசையவில்லை.

பெட்ரோமாக்ஸை எடுத்தபின், இடுக்கியில் நாடாவைப் பிடித்துப் பற்றவைத்தார். கண்ணைக் கூசும் ஒரு வெள்ளைத் துணுக்கு. ரேக்கு மெல்ல இறங்கிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது.

"அப்பாடி!" என்றார் ஏகாம்பரம்.

அதிகாரி கைதட்டவில்லை. "நல்லா இருக்கும்மா. ஆனா நான் ஒண்ணு கேப்பேன். எந்தத் தீயா இருந்தாலும் சுத்தியிருக்கிற காத்து மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். ரேக்கு விழுந்தது வெளிச்சத்தாலயா, தீயாலயா? எப்படிச் சொல்லுவீங்க?"

டீச்சர் மீதியிருந்த ஒரே நாடாத் துண்டைப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, உங்க தோள்ல கீற துண்டு பட்டா?"

"பட்டுதான். ஆபீசர் வர்றாருன்னு போட்டாந்தேன்."

"குடுங்க."

கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து அந்தத் துண்டில் அழுத்தித் தேய்த்தார். "சார், கண்ணாடியைப் பட்டுல தேய்ச்சா நேர்மின்னூட்டம். தீயால காத்து கெட்டுப்போனதுன்னா, நேரோ எதிரோ ரெண்டுமே விழணும். வெளிச்சத்தாலன்னா, வெளியே வர்றது எலெக்ட்ரான் மட்டும்தான். நேர்மின்னூட்டம் இருக்கிற தகடு அதைத் திரும்ப இழுத்துக்கும். அதனால இந்தத் தடவை ரேக்கு விழக்கூடாது. விழுந்தா நீங்க சொன்னது சரி. நான் இன்னொரு தடவை காட்ட நாடா இல்லை."

அதிகாரி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கண்ணாடியைத் தகட்டில் இழுத்ததும் ரேக்கு எழும்பியது. அதே தூரம், அதே இடுக்கி, கடைசித் துண்டு. பற்றிக்கொண்டது. வெள்ளை ஒளியில் டீச்சர் கையிலிருந்த இடுக்கி நகரவில்லை. நாடா எரிந்து சாம்பலாகி உதிர்ந்தது.

ரேக்கு நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தாலுகா ஆபீஸிலிருந்து வந்த போனைப் பேசிவிட்டு ஹெச்.எம். உள்ளே ஓடிவந்தார். சாம்பலைப் பார்த்தார், எழும்பி நிற்கும் ரேக்கைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"அடடா, விழலையா? சார், நேத்தெல்லாம் நல்லா விழுந்தது. தயவுசெஞ்சு இன்னொரு சான்ஸ்..."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "விழுந்திருந்தா நான் கிளம்பியிருப்பேன் சார். உட்காருங்க. அறிக்கைக்குப் பேப்பர் வேணும்."

பேப்பர் எடுக்க ஓடியவன் நான்தான். ஜூனில் அறிவியல் பிரிவுச் சேர்க்கைப் பதிவேட்டில் பூங்கோதை பெயரை எழுதியவனும் நான்தான். அந்தத் தேதி என்னிடம் இருந்திருக்க வேண்டும், இல்லை.

அன்று அதிகாரியின் வண்டி போன பிறகு திரும்பி வந்தேன். டீச்சர் கையில் பட்ட மக்னீசியச் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். ரேக்கு இன்னும் எழும்பியபடியே நின்றது.

"இது எப்பத்தான் விழும் டீச்சரம்மா?"

"உங்க பட்டு வுட்டாத்தான் அண்ணே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்போ நீங்க பஸ்ஸுக்குக் கெளம்புங்கோ. அது வுடாது."